பத்தாயிரம் ரூபாயில் என்ன செய்துவிட முடியும்?

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் எங்கள் நரம்பியல் பிரிவில் தரப்படும் சீட்டின் கடைசி வரி ஒன்றே: 'தினமும் நடக்கவும்.' பல ஆண்டுகளாக இந்த வரியை எழுதி வந்திருக்கிறோம். எங்கே நடப்பீர்கள் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் ஒரு நோயாளியின் மனைவி. அவருடைய கணவருக்கு வலப்பக்கம் செயலிழந்திருந்தது. வார்டில் இருந்த இரண்டு வாரங்களில் கைத்தடியின் துணையோடு அவர் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கத் தொடங்கியிருந்தார். மூன்று மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது சக்கர நாற்காலியில் வந்தார். கணுக்கால் இறுகியிருந்தது. முகத்தில் ஒளி இல்லை. 'ஏன் நடக்க விடவில்லை?' என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நடக்கச் சொல்றீங்க சார். வாசல்ல இறங்கினா லாரி போற ரோடு. கொல்லப்பக்கம் வாய்க்கால். எங்க கூட்டிட்டுப் போய் நடக்க வைக்கிறது?"

எங்களிடம் பதில் இல்லை. மருந்தின் அளவை மாற்றத் தெரிந்த எங்களுக்கு அந்தத் தெருவை மாற்றத் தெரியாது. அது எங்கள் வேலை அல்ல என்றும் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு தவறு என்பதையும், தெருவை மாற்றுவதற்குச் சில வேளைகளில் மிகச் சிறிய தொகையே போதும் என்பதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் கைத்தடியை ஊன்றி நடந்தே உள்ளே வந்தார். நடந்தது இதுதான். இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வந்த கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அந்த அம்மாள் இதே குறையைச் சொல்லியிருக்கிறார். ஊரின் சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுதோறும் வரும் சிறு தொகையைப் பற்றிச் செவிலியர் எடுத்துச் சொல்ல, கிராம சபையில் பேச்சு எழுந்திருக்கிறது. பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி முட்செடி மண்டிக் கிடந்த சந்தைச் சீர்ப்படுத்தி, கிராவல் கொட்டி, சுவரோரம் இரும்புக் குழாயில் ஒரு கைப்பிடி அமைத்து, இரு முனைகளிலும் சிமெண்டு இருக்கை போட்டிருக்கிறார்கள். மொத்தச் செலவு ரூ.18,000. குழுவின் பணம் ரூ.10,000, மீதியை மகளிர் சுய உதவிக் குழுவினரும் பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் திரட்டியிருக்கிறார்கள்.

இதில் எங்களை மிகவும் தொட்டது அவருடைய நடை அன்று. காலையில் அந்தச் சந்தில் இப்போது ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள்: முழங்கால் வலிக்காரர்கள், சர்க்கரை நோயாளிகள், மகன் வெளியூரில் இருக்கும் ஒரு முதியவர். அவர்கள் பார்த்துக்கொள்வதால் அந்த அம்மாள் நிறுத்தி வைத்திருந்த நூறு நாள் வேலைக்கு மீண்டும் போகத் தொடங்கிவிட்டார். ஓராண்டாக ஒரு மணி நேரமும் தமக்கென்று இல்லாதிருந்தவர் அவர். நோயாளி ஒருவருக்காகப் போட்ட இருக்கை, அவரைக் காத்துவந்தவருக்கும் ஓய்வு தந்திருக்கிறது.

நாளொன்றுக்கு 27 ரூபாய்

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஒவ்வோர் ஊரிலும் சுகாதாரக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்றது. இன்று அது கிராமச் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு எனப்படுகிறது. அதற்கு ஆண்டுக்கு ரூ.10,000 வரை வழங்க வழி செய்யப்பட்டது. எதற்குச் செலவிட வேண்டும் என்று மேலிருந்து கட்டுப்படுத்தாத பணம் அது. அலுவலர்கள் 'அன்டைடு ஃபண்ட்' என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பயன்படும் பொதுச் சுகாதாரப் பணியாக இருக்க வேண்டும் என்பதே முக்கிய நெறி. ஆதரவற்ற பெண்ணோ மிக ஏழைக் குடும்பமோ மருத்துவத் தேவையில் தவிக்கும்போது விதிவிலக்காக உதவவும் அந்நெறி இடம் தருகிறது. ஊர் மக்கள் தங்கள் பங்கைச் சேர்த்து அத்தொகையைப் பெருக்கிக்கொள்ளவும் தடை இல்லை.

கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 27 ரூபாய். இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் தலைக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். இதில் என்ன செய்துவிட முடியும் என்று சிரிக்கத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் மீள்வதற்குத் தேவையானவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். நாள்தோறும் பயிற்சி வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை இழந்த வேலையைப் புதிய வழியில் கற்றுக்கொள்கிறது. விழாமல் இருக்க வேண்டும்; கழிவறையில் ஒரு கைப்பிடி இல்லாததால் இடுப்பு எலும்பு முறிந்து மீண்டும் எங்களிடமே வந்தவர்கள் உண்டு. இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். பேச ஆள் வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. இவற்றுள் எதுவும் விலையுயர்ந்த கருவி அன்று. எல்லாமே மருத்துவமனை வாயிலுக்கு வெளியே இருப்பவை.

உறவும் நட்பும் உடல்நலத்தோடு தொடர்புடையவை என்பது வெறும் ஆறுதல் மொழி அன்று. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய தகவல்கள் அவை. நெருங்கிய சமூகத் தொடர்பு உடையவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு, அஃது இல்லாதவர்களைவிட 50 விழுக்காடு அதிகமாக இருப்பதாக அந்த அலசல் காட்டியது. சுவரோரச் சந்தில் கூடும் ஏழெட்டுப் பேர் எங்கள் மருந்துச் சீட்டில் இடம்பெறாத ஒரு மருந்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் வீணாக்கிய ஐம்பதாயிரம்

சிறு தொகை தானாகவே நன்மை செய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு எங்கள் துறையே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் கொடையாளர் ஒருவர், நோயாளிகளின் நலனுக்கு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று ரூ.50,000 தந்தார். நாங்கள் கூடிப் பேசி, பக்கவாத நோயாளியை வீட்டில் பராமரிப்பது எப்படி என்று வண்ணப் படங்களுடன் ஒரு கையேடு அச்சிட்டோம். அழகாகவே வந்தது. ஒரு நாள் ஒரு தாய் அதைப் பணிவோடு திருப்பித் தந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "புக்கு வேணாம் சார். கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு எம்புள்ளைய எப்படித் தூக்கி உக்கார வைக்கிறதுன்னு யாராச்சும் ஒரு வாட்டி செஞ்சு காமிச்சாப் போதும்" என்றார்.

அந்தக் கையேடுகளில் பாதி இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அந்தத் தொகையில் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரைப் பல ஊர்களுக்கு அனுப்பி, பராமரிப்பவர்களுக்கு நேரில் செய்து காட்டியிருக்கலாம். தொகை போதாமல் எங்கள் திட்டம் தவறிப்போகவில்லை. யாருக்காகச் செலவிடுகிறோமோ அவர்களிடம் கேட்கவில்லை, அதனால் தவறியது.

எங்கள் கருத்து இதுதான்: சிறு நிதியின் பலன், அதைச் செலவிடும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் தெருவில் வாழ்பவர் முடிவெடுத்தால் பதினெட்டாயிரம் ரூபாய் ஒரு சந்தையே மாற்றுகிறது. வெளியே இருப்பவர் முடிவெடுத்தால் ஐம்பதாயிரம் ரூபாய் அலமாரிக்குள் போய்விடுகிறது.

மற்றவர்கள் காட்டிய வழி

பக்கத்து மாநிலமான கேரளம் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர், முற்றிய நோயால் வலியில் துன்புறுவோருக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களே மிகுதி என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பணி அக்கம்பக்கத்தார் கைக்கு மாறியது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் தங்கள் தெருவிலேயே நோயாளிகளைச் சென்று பார்த்தார்கள். மருத்துவரும் செவிலியரும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். செலவுக்கான பணத்தில் பெரும் பங்கு கடைகளில் வைத்த உண்டியல்களிலிருந்தும் மாதந்தோறும் பலர் தந்த சிறு தொகைகளிலிருந்தும் வந்தது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஊரார் தொடங்கியதை அரசு பின்தொடர்ந்தது.

மனச்சோர்வுக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே காட்டிய வழியும் நினைக்கத் தக்கது. தலைநகர் ஹராரேயில் 2006இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்குப் பணமும் இடமும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் பதினான்கு பாட்டிமார்கள். சுகாதார நிலையத்துக்கு வெளியே மர இருக்கைகள் போடப்பட்டன. காது கொடுத்துக் கேட்கவும், சிக்கலைப் படிப்படியாக அவிழ்க்கவும் பாட்டிமார்கள் பயிற்சி பெற்றார்கள். 2016இல் வெளியான ஆய்வில், அந்த இருக்கையில் அமர்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட நன்கு குறைந்திருந்தது. நம் ஊர்த் திண்ணைகள் செய்துவந்த வேலைதான் அது. திண்ணைகளை இடித்துவிட்டோம், மாற்றாக எதையும் கட்டவில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

'மருத்துவர் பணியிடத்தையும் மருந்தையும் தர வேண்டிய அரசு, சிறு தொகையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தட்டிக் கழிக்காதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிமெண்டு இருக்கை மருத்துவருக்கு மாற்றாகாது. பக்கவாதம் வந்த நான்கரை மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட வசதியுள்ள மருத்துவமனையை எந்த ஊர்க் குழுவும் கட்டிவிட முடியாது. அதை அரசிடம் உரத்த குரலில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே வேளையில், சந்தில் ஒரு கைப்பிடி வேண்டுமா என்பதைத் தலைநகரில் இருக்கும் எந்த அலுவலராலும் சொல்ல முடியாது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். இரண்டும் நடக்க வேண்டும்.

'விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தானே கிடைக்கும்?' என்பது இன்னும் கூர்மையான ஐயம். உண்மைதான். யாருடைய வாசலில் சாலை ஏற்கெனவே நன்றாக இருக்கிறதோ, அவர்களே நன்றாக எழுதவும் பேசவும் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். ஆகவே பணம் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. விண்ணப்பத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். வாய்மொழியாகச் சொல்வதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டோடு நிறுத்தாமல், பராமரிப்புக்குச் சிறிது சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கொடுங்கள். துருப்பிடித்த கைப்பிடி கைப்பிடி இல்லாததைவிட ஆபத்தானது. திறப்பு விழா நிழற்படத்தைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வந்து பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

இதைப் படிக்கும் நீங்கள் ஒரு கட்டிலின் அருகே அமர்ந்திருக்கலாம். இருக்கிற பாரத்தில் இது வேறா என்று தோன்றலாம். எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. தேவையை ஒருவரிடம் சொன்னாலே வேலை தொடங்கிவிடுகிறது.

கிராமத்தில் இருப்பவர்கள் முதலில் துணைச் சுகாதார நிலையத்தில் உள்ள கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பேசுங்கள். சுகாதாரக் குழுவில் இவ்வாண்டுத் தொகை வந்திருக்கிறதா, எவ்வளவு மீதம் இருக்கிறது என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் உங்கள் வீட்டுக்கு வருபவராக இருந்தால், அவரிடமும் சொல்லலாம். அவர்கள் பெரும்பாலும் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். ஊரைக் கூட்டத் தெரிந்தவர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக் கொடுங்கள்: என்ன இடர்ப்பாடு, எத்தனை பேருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு செலவாகும், செய்தபின் யார் பார்த்துக்கொள்வார்கள். ஐந்தாவதுதான் முக்கியம். அதற்கு விடை இருந்தால் பணம் தருபவருக்குத் துணிவு வரும்.

செலவு கூடுதலாக இருந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பற்றி ஊராட்சியிலோ நகராட்சியிலோ விசாரியுங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால், மீதியை அரசு தரும். அந்த ஒரு பங்கை ஊரிலுள்ள சங்கமோ கொடையாளரோ தரலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே சாய்தளமோ கைப்பிடியோ இல்லையென்றால், அங்குள்ள நோயாளர் நலச் சங்கத்தை அணுகலாம்.

எங்கள் பங்குக்கும் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். வீடு திரும்பும் நாளில் தரும் சீட்டில் 'தினமும் நடக்கவும்' என்ற வரிக்குக் கீழே, 'எங்கே?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். விடை சொல்ல இயலாதவர்களுக்கு, இந்த நோயாளிக்கும் இவர் போன்றோருக்கும் பாதுகாப்பான நடைவழி மருத்துவத் தேவை என்று ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எங்கள் துறையிலிருந்து ஒரு கடிதம் தருகிறோம். கட்டணம் இல்லை. மருத்துவரின் கடிதம் இருந்தால், சபையில் ஓர் எளிய மனுஷியின் சொல்லுக்கு இன்னும் சற்று எடை கூடும் என்று நம்புகிறோம்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களோடு உங்கள் தெருவைப் பற்றிய செய்தியையும் கொண்டு வாருங்கள். எங்கே தடுக்கி விழுகிறார், எங்கே உட்கார இடமில்லை, யாரோடு பேசினால் அவர் முகம் தெளிகிறது என்று சொல்லுங்கள். அவற்றையும் நோயாளியின் கோப்பில் எழுதி வைப்போம்.